ஏழு பேர், ஏழு தாள், ஒரு பியானோ: ஹும்மலின் செப்டெட்டை வாசிக்கத் தொடங்குவோருக்கு

காற்றுக்கருவிகளும் தந்திக்கருவிகளும் பியானோவும் கலந்த பெரிய சேம்பர் இசைக் குழு முதல் முறை கூடும்போது, வாசிக்கத் தெரியாமல் தடுமாறுவது குறைவு. ஹார்ன்காரர் கையில் இருக்கும் தாள் வேறு சுருதிக்கு எழுதப்பட்டிருக்கும். செல்லோ தாளில் ஒரு வரி முழுக்க ஒரு ஸ்தாயி மேலே ஏறி நிற்கும். "பார் 60-லிருந்து எடுப்போம்" என்று ஒருவர் சொன்னால் ஏழு பேரும் ஏழு இடத்தைப் பார்ப்பார்கள். பியானோவின் 'ஏ' ஸ்வரம் 442 ஹெர்ட்ஸில் இருக்கும், ஓபோ 440-ஐ விட்டு நகர மறுக்கும். இரண்டு மணி நேர ஒத்திகை இப்படியே கரைந்துபோகும். அதனால் இங்கே பாதிக்கு மேல் தாள், சுருதி, பியானோ ஆகிய மூன்றைப் பற்றித்தான். விரல் பயிற்சியை அவரவர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

எடுத்துக்கொண்ட படைப்பு, யோஹான் நேபோமுக் ஹும்மலின் டி மைனர் செப்டெட் (எழுவருக்கான படைப்பு), ஓபஸ் 74. 1816-இல் வியன்னாவில் அச்சானது. பியானோ, ஃப்ளூட், ஓபோ, ஹார்ன், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஏழு கருவிகள். வயலின் கிடையாது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் அதனால் ஒரு சிக்கல் வரும். நான்கு பகுதிகள், மொத்தம் 35 நிமிடத்தை ஒட்டி ஓடும்.

எந்தப் படைப்பு என்பதை யார் தீர்மானிக்கிறார்?

புதியவர்கள் தமக்குப் பிடித்த படைப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு ஆள் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். கிடைப்பதற்கு அரிதான கருவி எதுவோ, அதை வாசிப்பவர்தான் படைப்பைத் தீர்மானிக்கிறார். பெரும்பாலான இடங்களில் அவர்கள் ஹார்ன்காரரும் டபுள் பாஸ்காரரும்.

ஹார்ன் இல்லை, நல்ல டிரம்பெட் இருக்கிறது என்றால் சென்-சான்ஸின் ஓபஸ் 65 செப்டெட் இருக்கிறது: டிரம்பெட், நான்கு தந்திகள், டபுள் பாஸ், பியானோ. 20 நிமிடத்துக்குள் முடியும். புதிய குழுவுக்கு அதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் வேறில்லை. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஃப்ளூட்டும் இருந்தால் ஹும்மலே 1829-இல் எழுதிய இன்னொரு செப்டெட், 'மிலிட்டரி' என்று பெயர் பெற்ற ஓபஸ் 114. பியானோவும் ஐந்து காற்றுக்கருவிகளும் மட்டும் இருந்தால் லூயிஸ் ஃபரெங்கின் சி மைனர் செக்ஸ்டெட், ஓபஸ் 40. பியானோகாரர் இல்லை அல்லது நல்ல பியானோ இல்லை என்றால் வருந்த வேண்டாம்: பீத்தோவனின் ஓபஸ் 20 செப்டெட்டும், ஸ்போரின் ஓபஸ் 31 நோனெட்டும் (ஒன்பது பேர்), ஃபரெங்கின் ஓபஸ் 38 நோனெட்டும் பியானோ இல்லாமலே எழுதப்பட்டவை. ஷூபர்ட்டின் ஆக்டெட்டும் (எட்டுப் பேர்) அப்படித்தான். ஆனால் அது ஆறு பகுதி, ஒரு மணி நேரம். முதல் முயற்சிக்கு அதைத் தொடாதீர்கள். ஹார்ன்காரரின் உதடு உங்களை மன்னிக்காது.

ஓபஸ் 74-ஐ ஏன் பரிந்துரைக்க வேண்டும்? ஏழு பேருக்கும் சம வேலை இல்லை என்பதால்தான். 1800-க்குப் பிறகு ஊர் ஊராகப் போன பியானோ வித்வான்களுக்கு எல்லா ஊரிலும் இசைக்குழு கிடைக்கவில்லை. பெரிய வீட்டுக் கூடத்தில் கன்செர்ட்டோ போல ஒன்றை வாசிக்க ஆறு பேர் போதும் என்றால் வசதி. இந்த வகைச் செப்டெட்டுகள் அந்தத் தேவைக்கு நன்றாகப் பொருந்தின. பியானோ பகுதி நிஜமாகவே கடினம். லிஸ்ட் இதை மேடைகளில் வாசித்தார், தனிப் பியானோவுக்கும் மாற்றி எழுதினார் என்றால் ஊகித்துக்கொள்ளலாம். மற்ற ஆறு பகுதிகளும் நடுத்தர நிலை மாணவருக்கு எட்டக்கூடியவை. ஆக, உங்களிடம் ஒரு வலுவான பியானோகாரரும் சுமாரான ஆறு பேரும் இருந்தால் இது பொருந்தும். ஆறு பேரும் வலுவாக இருந்து பியானோகாரர் சுமாராக இருந்தால் பொருந்தாது, பீத்தோவனுக்குப் போய்விடுங்கள்.

ஆள் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஹார்ன்காரரைத் தேடி பேண்டு வாத்தியக் குழுவினரிடம் போகிறவர்கள் உண்டு, போகலாம். ஆனால் அங்கே 'ஹார்ன்' என்று சொல்லப்படுவது சில நேரம் ஈ ஃப்ளாட் டெனர் ஹார்னாக இருக்கும். அது வேறு கருவி, வேறு ஒலி, இந்தத் தாள் அதற்கு ஒத்துவராது. "இடது கையால் வால்வு அழுத்துவீர்களா, வலது கையைக் கருவியின் வாய்க்குள் வைப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால்தான் பிரெஞ்சு ஹார்ன்.

தாளைச் சீர்செய்தல்

இந்தப் படைப்பின் பழைய அச்சுகள் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் கிடைக்கின்றன. பழைய பதிப்பு பொதுச் சொத்து. புதிதாகத் திருத்தி அச்சிட்ட பதிப்புக்கு உரிமை தனி. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய பதிப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால், முதல் ஒத்திகைக்கு முன் ஒருவர் உட்கார்ந்து செலவழிக்க வேண்டிய நேரம் 5 மணி. ஏழு பேரும் பகிர்ந்து செய்யக் கூடாது. ஒரே ஆள், ஒரே பென்சில்.

முதல் வேலை பார் எண். அந்தக் காலத்துத் தாள்களில் பெரும்பாலும் பார் எண்ணோ ஒத்திகை எழுத்தோ இருக்காது. முதல் முழுப் பாரை 1 என்று தொடங்குங்கள். அதற்கு முன்னால் வரும் முழுமையாகாத பார் கணக்கில் வராது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண் போடுங்கள். திரும்ப வாசிக்கும் பகுதியின் முடிவில் இரண்டு முடிவுகள் இருந்தால், இரண்டாவது முடிவுக்கும் முதல் முடிவின் எண்ணையே போட்டு 'அ', 'ஆ' என்று பிரியுங்கள். இல்லையென்றால் அதற்குப் பிறகு எல்லாத் தாளிலும் எண் ஒன்றிரண்டு தள்ளிப்போகும். கடைசிப் பாரின் எண் ஏழு தாளிலும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓய்வு பார்களைத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள். பழைய செதுக்கலில் நீண்ட ஓய்வை 4 பார், 2 பார், 1 பார் என்ற கட்டைகளாக அடுக்கி, மேலே மொத்த எண்ணைப் போடுவார்கள். மேலே உள்ள எண்ணும் கட்டைகளின் கூட்டலும் ஒத்துப்போகாத இடம் தென்பட்டால் கட்டையைவிட எண்ணை நம்புங்கள்; அதையும் மற்றொரு தாளோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது வேலை ஹார்ன் தாள். 1816-இல் வால்வு ஹார்ன் புழக்கத்துக்கு வரவில்லை. வால்வுக்கான காப்புரிமையே 1818-இல்தான். ஹார்ன்காரர் கருவியில் வெவ்வேறு நீளக் குழாய்த் துண்டுகளை மாட்டிச் சுருதியை மாற்றினார். அதனால் தாளின் தலையில் எந்தக் குழாய் என்று எழுதியிருக்கும், பகுதிக்குப் பகுதி மாறலாம். இன்றைய எஃப் ஹார்னில் வாசிப்பவர் மனக்கணக்காக மாற்ற வேண்டும். டி என்று இருந்தால் ஒரு மைனர் தேர்டு கீழே: தாளில் சி என்றால் அதற்குக் கீழேயுள்ள ஏ-யை வாசிக்க வேண்டும். ஈ ஃப்ளாட் என்றால் ஒரு முழு ஸ்வரம் கீழே. சி என்றால் ஒரு ஃபோர்த் கீழே. பி ஃப்ளாட் என்று வந்தால் 'ஆல்ட்டோ'வா 'பாஸோ'வா என்று பாருங்கள். முன்னது ஒரு ஃபோர்த் மேலே, பின்னது ஒரு ஃபிஃப்த் கீழே. பயிற்சி பெற்ற ஹார்ன்காரருக்கு இது பழக்கம். பேண்டில் எஃப் தாள் மட்டும் பார்த்தவருக்கு இது புதிது. அவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹார்ன் தாளில் பாஸ் க்ளெஃப் (வரியின் தொடக்கத்தில் ஸ்வர இடங்களை நிர்ணயிக்கும் குறி) வந்தால் இன்னொரு பொறி. பழைய வழக்கப்படி அந்தக் குறிகளை இன்றைய முறையைவிட ஒரு ஸ்தாயி கீழே எழுதினார்கள். அப்படியே வாசித்தால் கருவியில் இல்லாத ஆழத்துக்குப் போக வேண்டிவரும். அப்படித் தோன்றினாலே ஒரு ஸ்தாயி மேலே தூக்க வேண்டும் என்று பொருள்.

செல்லோவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பாஸ் க்ளெஃபிலிருந்து நேராக ட்ரெபிள் க்ளெஃபுக்கு மாறினால் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். டெனர் க்ளெஃப் வழியாக ஏறி ட்ரெபிள் க்ளெஃபுக்குப் போனால் எழுதியபடியே. இதைத் தெரியாத செல்லோ மாணவர் இரவெல்லாம் கட்டை விரல் நிலையில் உச்சியில் பயிற்சி செய்துவிட்டு வந்து, ஃப்ளூட்டோடு மோதுவார். திடீரென்று வரி உச்சிக்குத் தாவினால் முதலில் சந்தேகப்படுங்கள்.

டபுள் பாஸ் தாளில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நான்கு தந்திக் கருவியின் அடி ஈ. அதற்குக் கீழே ஸ்வரம் வருகிறதா என்று மேய்ந்து, வந்தால் எந்த இடத்தில் ஒரு ஸ்தாயி தூக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாதி வரியில் தூக்கினால் கேவலமாகக் கேட்கும். வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தூக்குங்கள்.

கடைசியாக, பழைய தாளை ஏ4-இல் அச்சிடாதீர்கள். மூலத் தாள்கள் அதைவிடப் பெரியவை, சுருங்கினால் மேடை வெளிச்சத்தில் ஷார்ப்பும் நேச்சுரலும் ஒன்றாகத் தெரியும். ஏ3-இல் இரண்டு பக்கமாக அச்சிட்டு மடித்துத் தைத்தால் பக்கம் பறக்காது. பியானோ தாளுக்குப் பக்கம் திருப்ப ஒருவர் வேண்டும். அவரும் ஒத்திகைக்கு வர வேண்டும், கச்சேரி நாளில் மட்டும் அல்ல.

பியானோகாரர் தனியாகச் செய்ய வேண்டியது

பியானோவுக்கு மற்றவர்களைவிட இரண்டு மாதம் முன்னால் தாளைக் கொடுங்கள். அவர் எதிர்கொள்ளும் முக்கியமான சிக்கல் வேகம் அல்ல, கருவி. ஹும்மல் நினைத்து எழுதியது ஷ்ட்ரைஹர், கிராஃப் போன்றோர் செய்த வியன்னா பியானோ: மரச் சட்டம், தோல் போர்த்திய சிறு சுத்தியல், சுமார் ஆறு ஸ்தாயி, சட்டென்று அணைந்துவிடும் ஒலி. இன்றைய கிராண்டில் இரும்புச் சட்டத்தின் மேல் தந்திகள் 20 டன் அளவுக்கு இழுவிசையில் நிற்கின்றன. பெடலை மிதித்தால் ஒலி போவதே இல்லை. அன்றைய இடது கையின் நிரம்பிய கார்டுகள் வெளிச்சமாகக் கேட்டிருக்கும். இன்று அதே கார்டுகள் செல்லோவையும் வியோலாவையும் விழுங்கிவிடும்.

சில கட்டளைகள் போதும். பாஸ் வாசிக்கும் ஸ்வரத்தையே இடது கையும் வாசிக்கிறது என்றால் அந்த இடத்தில் இடது கை ஒரு படி கீழே இறங்கட்டும். அடித்தளத்தை டபுள் பாஸ் தாங்கும். பெடலை ஒவ்வொரு பாஸ் ஸ்வரத்துக்கும் மாற்றுங்கள், வேகமான ஸ்கேல் ஓட்டங்களில் கால் பெடலிலேயே இருக்க வேண்டாம். மெல்ல வாசிக்க வேண்டும் என்று எப்போதும் இடது பெடலை மிதித்துக்கொண்டிருப்பதும் தவறு, அது ஒலியின் நிறத்தையே மாற்றிவிடும். ட்ரில்லைப் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பதை) பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும்: மேல் ஸ்வரத்திலிருந்தா, எழுதிய ஸ்வரத்திலிருந்தா? ஹும்மலின் பியானோ பாடநூல் 1828-இல் வந்தது. அதில் எழுதிய ஸ்வரத்திலேயே தொடங்கச் சொல்கிறார். இங்கே சர்ச்சைக்கு இடமில்லை.

மூடியைப் பற்றி எங்கள் கருத்து பலருக்குப் பிடிக்காது. பியானோ சத்தமாக இருக்கிறதே என்று மூடியைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் முதலில் காணாமல் போவது வலது கையின் பளபளப்பு. இடது கையின் கொழுப்பு அப்படியே இருக்கும். இந்தப் படைப்பில் எல்லாமே அந்த வலது கைதான். முழுக்கத் திறந்து வைத்துவிட்டு இடது கையைக் குறைக்கப் பழகுங்கள். அரங்கம் சிறியது, தரை கல் என்றால் மட்டும் மூடியைக் குட்டை முட்டில் நிறுத்துங்கள்.

ஒத்திகை

இரண்டு மணி நேரம் வீதம் ஏழு ஒத்திகை, ஐந்து வாரத்தில். குறைத்தால் சமாளிக்கலாம், ஆனால் முதல் இரண்டைக் குறைக்காதீர்கள்.

முதல் ஒத்திகையில் பியானோ வேண்டாம். வியோலா, செல்லோ, பாஸ் மூவரும் முதல் ஒரு மணி; ஃப்ளூட், ஓபோ, ஹார்ன் மூவரும் அடுத்த ஒரு மணி. தாளில் நீங்கள் தவறவிட்ட பிழைகள் இங்கேதான் வெளிப்படும். ஓபோவில் 'பி' (மெல்ல) என்றும் அதே இடத்தில் ஹார்னில் 'எஃப்' (சத்தமாக) என்றும் இருக்கும். ஒருவர் தாளில் இரண்டு பாருக்கு வளைகோடு, மற்றவரிடம் புள்ளி. ஒவ்வொன்றையும் அங்கேயே பேசி எல்லாத் தாளிலும் பென்சிலால் திருத்துங்கள்.

இரண்டாவது ஒத்திகை ஆறு பேர், பியானோ இன்னும் இல்லை. இது விசித்திரமாக இருக்கும்: நீண்ட வெற்றிடங்கள், பின்னணி மட்டும், மெட்டே இல்லாத பக்கங்கள். அதுதான் வேண்டும். பியானோவின் ஓட்டம் இல்லாமல் 16 பார் எண்ணி, சரியான இடத்தில் நுழையத் தெரிந்தவர்களுக்கு, பியானோ வந்த பிறகு அது போனஸ். பியானோவின் ஓட்டத்தை நம்பி நுழையப் பழகியவர்கள், பியானோகாரர் ஒரு ஓட்டத்தில் சறுக்கினால் கூடவே சறுக்குவார்கள்.

மூன்றாவதிலிருந்து ஏழு பேரும். முதல் முறை முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இங்கே வயலின் இல்லாததன் சிக்கல் வரும். சேம்பர் இசையில் பழகியவர்கள் முதல் வயலினின் வில்லைப் பார்த்தே தொடங்குவார்கள். இங்கே பார்க்க வில் இல்லை, பியானோகாரரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஆகவே எந்த இடத்தில் யார் எடுப்புக் கொடுப்பது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் ஒலிக்கும் பெரும்பாலும் வியோலா. காற்றுக்கருவிகள் தனியாக நுழையும் இடங்களுக்கு ஃப்ளூட், மூச்சை எல்லாரும் பார்க்கும்படி எடுத்து. நீண்ட ஓய்வுக்குப் பிறகு பியானோ மட்டும் வாசித்துக்கொண்டிருக்கும் இடங்களில் பியானோகாரர் தலையை அசைத்தால் போதும், அதையும் தாளில் எழுதுங்கள்.

மூச்சை மறந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் காற்று தீர்ந்துபோவதுதான் பிரச்சினை. ஓபோவின் பிரச்சினை வேறு மாதிரி: சீவாளியின் துளை குறுகல் என்பதால் காற்று தீர்வதில்லை, உள்ளேயே தேங்கி நிற்கும். பழைய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் புதியதை இழுக்க முடியும். அதனால் ஃப்ளூட்டுக்குப் போதுமான அரைத் துடிப்பு ஓய்வு ஓபோவுக்குப் போதாது. பியானோகாரர் வாக்கியங்களுக்கு இடையில் நேரம் கொடுக்காமல் ஓடினால் ஓபோகாரரின் முகம் சிவக்கும். அது கோபம் அல்ல.

இரண்டாவது பகுதியின் தலைப்பே 'மெனுவெட்டோ ஓ ஷெர்ட்சோ', அதாவது மினுவெட் அல்லது ஷெர்ட்சோ. நிதானமான மூன்று துடிப்பாக எண்ணத் தொடங்கினால் சவமாகிவிடும். பாருக்கு ஒரு அடி என்று எண்ணுங்கள். பியானோ தடுமாறினால் வேகத்தைக் குறைக்கலாம், எண்ணும் முறையை மாற்றாதீர்கள். மூன்றாவது பகுதி மெட்டும் அதன் மாறுபாடுகளும். எந்தப் பாதியை மறுபடி வாசிப்பது, எதை விடுவது என்பதை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்து, விடும் குறியை எல்லாத் தாளிலும் அடித்து எழுதுங்கள். மேடையில் குழு சிதறுவது அதிகமும் இந்த இடத்தில்தான், ஆறு பேர் திரும்பிப் போக, ஒருவர் முன்னே போய்விடுவார். நான்காவது பகுதி 'விவாச்சே'. வேகத்தை அதன் கடினமான பியானோ பக்கம்தான் தீர்மானிக்க வேண்டும், தொடக்கம் அல்ல.

ஹார்ன்காரருக்கு ஒரு சலுகை. ஒரு நுழைவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்காதீர்கள். மூன்று முறைக்கு மேல் உதடு வேலை செய்யாது. அவருடைய கடினமான இடங்களை ஒத்திகையின் முதல் 40 நிமிடத்தில் முடியுங்கள். இன்னொன்று: அன்றைய ஹார்னில் சில ஸ்வரங்களை வாய்க்குள் கையை அடைத்துத்தான் எடுக்க முடியும், அவை மங்கலாக வந்தன. இன்றைய வால்வு ஹார்ன் எல்லா ஸ்வரத்தையும் ஒரே பளிச்சென்று கொடுக்கும். உள்ளே நிரப்பும் குரலாக இருக்கும் ஸ்வரம் கொம்பு ஊதியது போல் வெளியே துருத்தினால் ஹார்ன்காரர் மேல் பழி போடாமல், ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள்.

சுருதி சேர்த்தல்

பியானோவின் சுருதியை மாற்ற முடியாது, மற்ற ஆறு பேரும்தான் அதற்கு வர வேண்டும். பியானோ சுருதி சேர்ப்பவரிடம் 440-ஆ 442-ஆ என்று கேட்டு, அந்த எண்ணை ஓபோகாரரிடம் வாரத்துக்கு முன்பே சொல்லுங்கள். ஓபோவின் சுருதியில் பெரும்பங்கு சீவாளியில் இருக்கிறது, கருவியை இழுத்துச் சரிசெய்ய முடியாது. அவருக்குப் புதிய சீவாளி செய்ய நேரம் வேண்டும்.

வெப்பநிலை அடுத்தது. காற்றுக்கருவியின் சுருதி 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) மாறும். வெளியே 32, அரங்கத்தில் ஏசி 22 என்றால் கணக்குப்படி 30 சென்ட், கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஊதும்போது மூச்சின் சூடு ஓரளவு ஈடுகட்டும். ஆனால் 12 பார் ஓய்வில் ஃப்ளூட் மறுபடி ஆறிவிடும். தந்திகள் நேர்மாறு: குளிர்ந்தால் இறுகி மேலே ஏறும். காற்று கீழே, தந்தி மேலே, நடுவில் பியானோ. நம்மூர் அரங்கங்களில் பார்வையாளர் வந்த பிறகு ஏசியைப் போடுவது வழக்கம். இந்தக் கச்சேரிக்கு அதைக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னால் போட்டு, அதே வெப்பநிலையில் பியானோவைச் சுருதி சேர்த்து, நிறுத்தாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். காற்றுக்கருவியினர் ஓய்வில் கருவிக்குள் ஓசையில்லாமல் சூடான மூச்சு விட்டுக்கொண்டே இருக்கட்டும்.

தந்திக்கருவியினருக்கு ஒரு நுட்பம். வியோலாவும் செல்லோவும் ஏ-யைப் பியானோவிடம் வாங்கி, அதிலிருந்து டி, ஜி, சி என்று காதுக்கு இனிய சுத்தமான ஃபிஃப்தாக இறங்குவார்கள். சுத்தமான ஃபிஃப்த் 702 சென்ட், பியானோவின் ஃபிஃப்த் 700. மூன்று முறை இறங்கினால் அடிச் சி தந்தி பியானோவின் சி-யைவிட 6 சென்ட் கீழே நிற்கும். தனியே கேட்டால் குறை தெரியாது. பியானோவோடு நீண்ட சி பிடித்தால் அலை அடிக்கும். அதனால் ஏ-யை மட்டும் வாங்காமல் சி-யையும் பியானோவில் அடித்துக் கேட்டுச் சேருங்கள். டபுள் பாஸும் தன் நான்கு தந்தியையும் பியானோவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கட்டும்.

டி மேஜர் கார்டில் ஃப்ளூட்டோ ஓபோவோ எஃப் ஷார்ப் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். நல்ல காது உள்ளவர் அதைத் தானாகவே 14 சென்ட் தாழ்த்துவார், அதுதான் சுத்தமான தேர்டு. பியானோவும் அதே எஃப் ஷார்ப்பை வாசிக்கும்போது அப்படித் தாழ்த்தினால் இரண்டும் உரசும். விதி எளிது: பியானோ ஒலிக்கும்போது பியானோவின் தேர்டு, பியானோ ஓய்வில் இருக்கும்போது சுத்தமான தேர்டு. அந்த இடங்களைத் தாளில் ஒரு சிறு வட்டத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது

பியானோ நடுவில், சற்றுப் பின்னால், திறந்த பக்கம் பார்வையாளரை நோக்கி. வியோலா பார்வையாளருக்கு இடதுபுறம், முன்னால். வயலின் இல்லாததால் அந்த இடம் அவருடையது. வலதுபுறம் உட்கார வைத்தால் வியோலாவின் முகம் பின்சுவரைப் பார்க்கும், ஏற்கெனவே அடங்கிய குரல் இன்னும் அடங்கும். செல்லோ வியோலாவுக்குப் பக்கத்தில், நேராக அரங்கத்தைப் பார்த்து. டபுள் பாஸ் பியானோவின் வளைவில், பியானோகாரரின் இடது கை தெரியும் இடத்தில். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும்.

ஃப்ளூட், ஓபோ, ஹார்ன் வலதுபுறம், ஹார்ன் கடைசியில். அப்படி உட்கார்ந்தால் ஹார்னின் வாய் மேடையின் பின்பக்கம் பார்க்கும். அங்கே திரைச்சீலை இருந்தால் ஒலியை விழுங்கிவிடும். ஒரு மரப்பலகையோ ஒட்டுப்பலகையோ நிறுத்தினால் திரும்பி வரும். ஹார்ன்காரரைப் பியானோ மூடிக்கு அருகே உட்கார வைத்து, அவர் ஒலி மூடியில் பட்டு ஓபோகாரரின் காதில் விழும்படி செய்யாதீர்கள். சரியான இடம் கிடைத்ததும் நாற்காலிகளின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

நிகழ்ச்சியில் இதை இடைவேளைக்கு முன் வையுங்கள். முன்னால் வேறு ஒரு பெரிய ஹார்ன் படைப்பு வேண்டாம்.

ஆள் விழுந்துவிட்டால்

ஏழு பேரில் யாராவது ஒருவருக்குக் கச்சேரி வாரத்தில் காய்ச்சல் வரும், எதிர்பார்த்தே இருங்கள். காற்றுக்கருவியினர் என்றால் ஹும்மலே வழி விட்டுப்போயிருக்கிறார். இதே படைப்பைப் பியானோ, வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஐவருக்கும் மாற்றித் தந்திருக்கிறார். ஸ்டெயர் நகரத்து இசை ஆர்வலர் சில்வெஸ்டர் பௌம்கார்ட்னர் ஷூபர்ட்டிடம் ஒரு குவின்டெட் கேட்டபோது, ஹும்மலின் படைப்பில் உள்ள அமைப்பும் கருவிகளும் வேண்டும் என்று கேட்டதாக ஷூபர்ட்டின் நண்பர் ஆல்பர்ட் ஷ்டாட்லர் பின்னாளில் எழுதினார். அப்படி வந்த 'ட்ரௌட்' குவின்டெட்டில் வழக்கமான இரண்டாவது வயலினுக்குப் பதிலாக டபுள் பாஸ் இருப்பது இப்படித்தான்.

இந்த ஐவர் வடிவத்தின் தாள்களையும் அச்சிட்டு, பார் எண் போட்டு, தயாராக வையுங்கள். வியோலா, செல்லோ, பாஸ் தாள்கள் எழுவர் வடிவத்தில் இருப்பது போலவே இருக்காது, காற்றுக்கருவிகளின் வேலையும் அவர்கள் தலையில் விழும். ஆகவே ஐந்தாவது ஒத்திகையின் கடைசி அரை மணியை இதற்கு ஒதுக்கி, தெரிந்த ஒரு வயலின்காரரையும் அன்றைக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். கச்சேரி தேதியை அவருக்கும் சொல்லிவிடுங்கள். வேறு எதற்கும் அந்த நாளில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும்.